சேர்மன் சம்சாரம்

சூரமங்கலம் ஸ்டேஷனில்
கவர்னர் துரையின் ரயில் நாற்பது நிமிஷம் தாமதம்.
எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.
உட்காரவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார்.

பத்து நாளாய் உருப்போட்ட ஒரேயொரு இங்கிலீஷ் வாக்கியம்
நாக்கடியில் கற்கண்டாய்க் கரைந்து
துரைசானி இறங்கியபோது மிச்சமே இல்லை.
பூச்செண்டை நீட்டினேன்.
வாங்கினாள், முகர்ந்தாள், தும்மினாள்.

பந்தலில் ஆண்கள்
திருமணிமுத்தாறு வற்றியதைப் பேசினார்கள்.
நாங்கள் இருவரும்
ஒரே தட்டு மல்கோவாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
யார் முதலில் எடுப்பதென்று.

திடீரென அவள்
இடுப்புயரத்தில் கைவைத்துக் காட்டினாள்.
பிள்ளைகளா?
ஐந்து விரல் விரித்தேன்.
மூன்றை மடக்கினேன்,
பஞ்ச வருஷத்துக் காலராவில் போனவை.

கையுறையைக் கழற்றினாள்.
நான்கு விரல்.
ஒன்றை மடக்கினாள். பொறுத்து, இன்னொன்றை.
சுண்டுவிரலைப் பாதி வளைத்து
அப்படியே விட்டாள்.

"ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசினீங்க?"
ராத்திரி தலைப்பாகையை அவிழ்த்தபடி கேட்டார்.
"வெயிலைப் பத்தி."

மறுவாரப் பத்திரிகையில்
என் புடவை நிறம் வந்திருந்தது, தப்பாக.
பெயர் இல்லை.
துரைசானி ஏற்காட்டில் குளிருக்குத் தங்கியிருக்கிறாளாம்.

அந்தப் பாதி விரல் என்னவாயிற்றென்று
யாரிடம் கேட்பது?