பெரிய ற

பதினொரு மணிக்கு சர்வர் போனது.
பதினொன்றே காலுக்கு மின்விசிறி.
மண்டபம் மீன்துறை அலுவலகத்தில்
தடைக்கால நிவாரண வரிசை
படி இறங்கி, வேப்பமரம் தாண்டி,
டீக்கடை வரை போய்
அங்கே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

நேற்று நான் வைத்த குறிப்பைக்
கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பியிருந்தார்.
'கடல் கொதித்துக் கிடந்தமையால்' என்பதைச்
சிவப்பு மையில் அடித்து
'பாதகமான வானிலை நிலவியதால்'.
ஓரத்தில்: கதை வேண்டாம்.

கதை மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது,
காலாவதியான டீசல் மானியப் படிவங்களின் பின்பக்கத்தில்.
அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஒருவன்
இருபது நாளாக ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான்.
கதவைத் தட்டினால்
உள்ளேயிருந்து அவள் 'யாரு?' என்பாள்.
என்ன சொல்வான்?
அவனுக்கு நான் இன்னும் பெயரே வைக்கவில்லை.

மூன்று மணிக்கு சர்வர் வந்தது.
கூடவே அவரும், நாலாவது தடவையாக.
பாஸ்புக்கில் நிறைகுளத்தான்.
எங்கள் கணினியில் நிரைகுளத்தான்.
பணம் இரண்டு பேருக்கும் போகாது.
"அங்க பெரிய ற, இங்க சின்ன ர" என்றேன்.
"எம்பேர நான் எழுதிப் பாத்ததில்லம்மா,
அடுத்தாளு கூப்ட்டுத்தான் கேட்டுருக்கேன்."

கை தானாக இழுப்பறைக்குப் போனது.
அவரை நிற்கவைத்துக்கொண்டே
அவர் சொன்னதை ஒரு படிவத்தின் பின்னால் எழுதினேன்.
தன் குறையைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்து
"நல்லா விவரமா எழுதுங்க" என்றார்.

வரிசை கலைந்தபின் பதிவைத் திறந்தேன்.
யார் இந்தச் சின்ன ர-வைப் போட்டது?
கடைசி வரியில், பொடி எழுத்தில்,
என் ஊழியர் எண்.
ஜனவரி பத்தொன்பது, பிற்பகல் 2.40.

"விடுங்க மேடம், ர, ற யாருக்குத்தான் ஒழுங்கா வருது"
என்று நம்புகுமார் டிபன் பாக்ஸை மூடினான்.
திருத்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டும்.
கண்காணிப்பாளர் ராமேஸ்வரம் போய்விட்டார்.
திங்கட்கிழமை வருவார்.

உச்சிப்புளி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை.
கச்சான் காற்று மணலை வாரி
வாயில் போட்டது.
தென்கடல் கொதித்துக் கிடந்தது.
ஆம், கொதித்துத்தான் கிடந்தது.

வீட்டில் டைரியைப் புரட்டினேன்.
ஜனவரி பத்தொன்பது:
'மூன்றாம் அத்தியாயம் முடிந்தது.
ஆபீசிலேயே ஆறு பக்கம்.
தினமும் இப்படி அமைந்தால்!'
அடியில் இரண்டு கோடு,
ஆச்சரியக்குறிக்கு மேல் இன்னொரு ஆச்சரியக்குறி.

வெகுநேரம் சும்மா இருந்தேன்.
சாம்பாரைச் சுடவைத்தேன். ஆறியது. மறுபடி சுடவைத்தேன்.

பதினொன்றரைக்கு
அவன் கதவைத் தட்டினான்.
'யாரு?'
'நாந்தான்.'
அவ்வளவுதான், பெயரே தேவைப்படவில்லை.
ஒன்பது வரி வந்தது, ஐந்தை அடித்தேன்.
நிறைகுளத்தான் சொன்னதை இன்னும் சேர்க்கவில்லை.
அந்தப் படிவத்தை மடித்து
அலுவலகப் பைக்குள் வைத்திருக்கிறேன்,
திருத்தப் படிவத்தோடு சேர்த்து.
முதலில் அதற்குக் கையெழுத்தாகட்டும்.

பக்கம் அறுபத்து நாலு.
கதவு திறந்திருக்கிறது.
அவன் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.