விலைச் சீட்டு

"ஒரு கொட்டானுக்கு எத்தனை மணி நேரம்?"
கண்டனூர் சங்கக் கொட்டகையில்
சென்னைக் கடைக்காரர் கேட்டார்.

இரண்டரை, என்றாள் செகப்பி.
எழுதிக்கொண்டார்.

"இருங்க.
குருத்தோலை காயப்போட்டது,
ஈர்க்கு உரிச்சது,
சாயத் தண்ணி கொதிக்கிற வரைக்கும்
அடுப்புப் பக்கம் நின்னது?"

அடித்து எழுதினார்:
நாலே கால்.

"போன வாரம் சிவப்பு பிடிக்கலை.
ஆறு கொட்டானுக்கான ஓலை பாழ்.
அது யார் கணக்கு?"

பேனா நின்றது.
மேலே மின்விசிறி
கடகடத்துக்கொண்டே இருந்தது.

"என் கணக்குல வச்சுக்கலாம்"
என்றார் கடைசியில்,
பாதி மனசாய்.

மீதி மனசை அவள் கேட்கவில்லை.
சீட்டைத் திருப்பி
கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினாள்.

ஓலையில் பிடிக்காத சிவப்பு
நகக்கண்ணில்
அப்படியே இருந்தது.