வளையம் இரு பக்கமும் திரும்பும்

ரோசமெல் கட்டுவது எஃகு.
இருநூறு மீட்டர் தாங்கும் என்று
அதன் முகத்திலேயே எழுதியிருக்கும்.
புவேர்த்தோ மோந்த் கடைவீதியில்
ஆறு தவணைக்கு எடுத்தான்.
நான்காம் தவணை கட்டிய மாதம்
எங்கள் அடுப்புக்கு விறகில்லை.

என்னுடையது பிளாஸ்டிக்.
கருப்பு, சதுரம், எண்கள் மட்டும்.
கேயிலன் சந்தையில் கம்பளிக் காலுறை விற்கிறவள்
சில்லறை இல்லையென்று
மீதிக்குப் பதிலாகக் கையில் திணித்தது.
மாவு பிசையும்போது கழற்றுவதில்லை.
உருளைக்கிழங்கு தோண்டும்போதும்.
பன்றிக்குட்டி ஒருமுறை மென்று பார்த்துத் துப்பிவிட்டது;
வாரில் நான்கு பல் தடம்.

"இதெல்லாம் ஒரு கடிகாரமா?"
"மணி காட்டுதே."
"சமையலறைக்குக் காட்டும்."

நான் வாயைத் திறக்கவில்லை.
எங்கள் படகில்
கடலுக்குள் போகிறவன் அவன்,
மேலே நின்று மூச்சு அனுப்புகிறவள் நான்.

கம்ப்ரசர் இருமும்.
மஞ்சள் குழாய் நெளிந்து நெளிந்து இறங்கும்.
பதினெட்டு மீட்டர் கீழே
பாறையிலிருந்து கடல் முள்ளெலிகளை
கொக்கியால் வழித்துப் பையில் போடுவான்.
ஐம்பது நிமிடம்.
அதற்கு மேல் தங்கும் ஒவ்வொரு நிமிடமும்
இரத்தத்தில் குமிழியாய் ஏறும் வட்டி.
ஆர்த்திதோரோவுக்கு வயது முப்பத்தாறு.
சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறை வரை போகிறான்.

ஆகஸ்ட், செவ்வாய், வடக்கிலிருந்து மழை.
படகின் விளிம்பைத் தாண்டி அவன் இறங்கியபோது
ஏதோ இரும்பு இடித்தது.
கத்தி என்று நினைத்தேன்.
ஒன்பது பதினாலு.

பத்து நாலுக்கு
குழாயை நான்கு முறை இழுத்தேன்:
மேலே வா.
ஒரே ஒரு இழுப்பு வந்தது:
இருக்கிறேன், சரி.
பத்து ஆறுக்கு மறுபடி நான்கு.
மறுபடி ஒன்று.
கொஞ்சம் கோபமான ஒன்று.

என் கையிலிருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தேன்.
பன்றி கடித்தது. மாவு ஒட்டியது.
அவனுடையது இருநூறு மீட்டர்.
யாரை நம்புவது?

பத்து ஏழு.
இழுக்க ஆரம்பித்தேன்.
ஒரு கை நீளம். நிறுத்து. எண்ணு.
ஒரு கை நீளம். நிறுத்து.
வேகமாய் இழுத்தாலும் அவனைக் கொல்லலாம்.
தூண்டிலில் சிக்கிய மீன் இப்படித் திட்டாது;
குழாய் வழியே அவன் திட்டுவது
என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

வாய்க்குழலைத் துப்பிவிட்டுக் கத்தினான்:
"பை பாதிகூட நிறையல!
இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்துச்சு, நோல்பா!"
கையை நீட்டினான்.
நானும் நீட்டினேன்.

இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மழை.
இரண்டிலும் ஒரே மணி.
முள் பொய் சொல்லவில்லை,
சுற்றியிருந்த வளையம்தான் நகர்ந்திருந்தது.
போன நேரத்தைக் குறைத்துக் காட்டும் பக்கமாக.

கட்டைவிரலால் திருப்பிப் பார்த்தான்.
இந்தப் பக்கம், டிக் டிக்.
அந்தப் பக்கமும், டிக் டிக்.
ஒரு பக்கம் மட்டுமே திரும்ப வேண்டியது.
கடைக்காரன் அசல் என்று சத்தியம் செய்திருந்தான்.

அன்றிரவு பேச்சில்லை. கஞ்சி குடித்தான்.
முழங்கையைத் தேய்த்துக்கொண்டே படுத்தான்.
அரை மணிக்கொரு முறை
அவன் கால்விரலைக் கிள்ளினேன்.
"தெரியுதா?"
"தெரியுது, தூங்கு."
கடிகாரத்தின் பச்சை விளக்கை அழுத்திப் பார்ப்பேன்.
மறுபடி கிள்ளுவேன்.
நாலேகாலுக்கு அவன் என்னை உதைத்தான்.
நல்ல உதை. கால் வேலை செய்கிறது.

எஃகு இப்போது
ஞாயிறு பூசைக்கும் கால்பந்துக்கும் போகிறது.
அழகாகத்தான் இருக்கிறது.
இறங்குவதற்கு முன் என் கையைப் பிடித்துத் திருப்பி
சதுரத்தில் இருப்பதை அவன் உரக்கப் படிக்கிறான்;
நான் உரக்கத் திருப்பிச் சொல்கிறேன்.
குழாய் நான்கு முறை அசைந்தால்
பை காலியாக இருந்தாலும் வருகிறான்.

போன மாதம் எனக்குத் தெரியாமல்
கேயிலன் போயிருக்கிறான்,
இதேபோல் இன்னொன்று வேண்டுமென்று.
கம்பளி மூட்டைக்குள் கிடந்தது,
யாருடையதோ,
ஒன்றுதான் இருந்தது என்றாளாம் அவள்.
இரண்டு ஜோடி காலுறையோடு திரும்பி வந்தான்.