ஏழு வரை எண்ணுதல்

பிராண்டன் ஹொக்கி அரங்கின் சுவரில்
இப்போது அவனுடைய படம் தொங்குகிறது.
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக், "எலிவேட்டர்."
முப்பத்தொரு வருடம், பட்டம் ஒன்பது தரம் என்று
பித்தளையில் வெட்டியிருக்கிறார்கள்.
தலைக்கு மேலே அவன் தூக்கிப் பிடித்திருக்கும் உடம்பு
என்னுடையது.
முகம் அவன் முழங்கைக்குப் பின்னால் போய்விட்டது.

நான் அவனிடம் தோற்றது அறுநூற்றுப் பதினாலு தரம்.
கணக்கு என் மனைவி வைத்தது:
தோல்விக்கு நாற்பது டொலர்,
முதுகு எண்ணெய்க் காசு கழித்து.

ரெஜைனாவில் நான் பாக்தாத் கசாப்புக்காரன்.
மூஸ் ஜோவில் பம்பாய் மகாராசா,
தலைப்பாகை ஓரெஸ்டின் அக்கா தந்த யன்னல் சீலை.
சஸ்கட்டூனில் முகமூடி, எந்த நாடும் இல்லை.
குகபாலன் என்று ஒரு ஒலிபெருக்கியும் சொன்னதில்லை.
சனம் சோளப்பொரி எறிந்தது.
ஒருத்தி தொப்பி ஊசியால் தொடையில் குத்தினாள்.
"வந்த இடத்துக்கே போ" என்று கத்தினார்கள்,
சரியான நேரத்தில்; அதற்குத்தான் சம்பளம்.
வெளியே பஸ் தரிப்பில்
அதையே இலவசமாகச் சொன்னார்கள்.

அவனிடம் வித்தை ஒன்றே ஒன்று.
புல்வெளி ஊர்களில் தண்டவாளத்துப் பக்கம்
ஒற்றையாய் நிற்கும் கோதுமைக் களஞ்சியம்,
அதற்கும் அங்கே எலிவேட்டர் என்றுதான் பெயர்,
அதுபோல நிமிர்ந்து நிற்பான்.
என் கழுத்தடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை.
மேலே.
சனம் எண்ணும். ஏழில் போடுவான்.
விழும்போது அவன் உள்ளங்கை
கடைசிக் கணம் வரை என் பிடரியை விட்டுப் போகாது.
ஒரு தரமும் போகவில்லை.
இதை நான் வெளியில் சொல்லக்கூடாது,
அவன் என்னைக் கொல்லுகிறான் அல்லவா.

மேலே இருந்தால் எல்லாம் தெரியும்:
மொட்டைத் தலைகள், சிகரெட் புகை,
வெளியேறும் வாசலின் சிவப்பு எழுத்து.
அங்கே வைத்துத்தான் கதைப்பான், உதடு அசையாமல்.
"கூகா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?"
"கூகா, இடது தோள் சரியில்லை, மெதுவாக வா."
ஊரில் எங்கள் தெருவில் குண்டு விழுந்ததென்று
கடிதம் வந்த இரவு
ஏழு முடிந்தும் அவன் இறக்கவில்லை.
சனம் எட்டு என்றது, ஒன்பது என்றது, பதினொன்று.
"அழுது முடி" என்றான், "கீழே வெளிச்சம் கூட."

பிறகு வருடங்கள்.
ஏழு ஆறானது.
முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நாலு.
அறிவிப்பாளர் வேகமாக எண்ணப் பழகினார்.
தொலைக்காட்சி வந்தது, போனது.
அவனைப் பொம்மையாக்கிக் கடையில் விற்றார்கள்,
பொம்மைக்கு முழங்கால் மடியாது.
விவாகரத்து இரண்டு.
நெற்றியில் சவர அலகு கீறின தடங்களில்
இருபத்தைந்து சதக் குற்றியைச் செருகி
மதுச்சாலையில் பந்தயம் கட்டுவான். விழாது.

கடைசி ஆட்டம் இங்கேதான்.
வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பத்துநாலு.
தூக்குகிறவன் மட்டும் தூக்குவதில்லை,
தூக்கப்படுகிறவன் பாதி.
துள்ள வேண்டும், மூச்சை அடக்க வேண்டும்,
அவன் தொடையில் கை ஊன்றி
ஒருவருக்கும் தெரியாமல் உந்த வேண்டும்.
அன்று முழுவதும் நான்தான்.
ஐம்பத்திரண்டு வயதில் என்னை நானே தூக்கி
அவன் தலைக்கு மேலே வைத்தேன்.
ஒன்று. இரண்டு.
நடுங்கியது அவன் கையா, என் முதுகா தெரியாது.

அந்த நேரத்துப் படம் இது.
பல்லைக் கடித்து, கண் பிதுங்க, உறுமுகிறான் என்று
எனக்குப் பின்னால் நிற்கும் பெடியன்
சிநேகிதனுக்குச் சொல்கிறான்.
உறுமவில்லை.
இடது சப்பாத்தைப் பார், தம்பி,
நாடா அவிழ்ந்து தொங்குகிறது.
"கூகா, இறங்கினதும் அதைக் கட்டு.
தடுக்கி விழப்போகிறாய்."