இடது பெடலின் மரை

நவம்பர். ஃபெராராவின் பனிமூட்டம்
சன்னல்வரை வந்து நின்றுகொண்டது.
சமையலறைத் தரையில் நேற்றைய செய்தித்தாளை விரித்து
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
பன்னிரண்டு வருடம் என்னைச் சுமந்தது
இப்போது மல்லாந்த வண்டு மாதிரி
எதையோ கேட்கிறது.

கடைக்காரன் சொன்ன கூலிக்கு
இன்னொரு பழைய சைக்கிளே வாங்கலாம்.
அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் இது.
ஆர்வம் என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.

என் கைக்குத் தெரிந்த கறை ஒன்றே:
நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவேட்டில்
முத்திரை குத்தும் ஊதா மை.
கிரீஸ் வேறு ரகம்.
சோப்புக்கு மசியாது. எலுமிச்சையைப் பார்த்துச் சிரிக்கும்.

முதலில் பஞ்சர்.
டியூபைப் பாத்திரத் தொட்டியில் அமிழ்த்தி
அங்குலம் அங்குலமாய் நகர்த்தினேன்.
ஒரு குமிழி. பிறகு வரிசையாய்.
இத்தனூண்டு வாயை வைத்துக்கொண்டு
இத்தனை நாள் புறம்பேசியிருக்கிறது.
ஒட்டினேன். காற்றடித்தேன். மறுபடி சூம்பியது.
கரண்டிக் காம்பால் டயரை நெம்பியபோது
நானே போட்ட இரண்டாவது ஓட்டை.

முன் அச்சை உருவியதும்
பால்ரஸ் குண்டுகள் சிதறி
குளிர்பெட்டிக்கு அடியில் குடிபோயின.
பத்து இருக்க வேண்டும். எட்டு கிடைத்தன.
ஒன்பதாவது என்று விரலால் நோண்டி எடுத்தது
காய்ந்த பட்டாணி.

பிறகு அந்த இடது பெடல்.
ஜாடி மூடி, தண்ணீர்க் குழாய், மருந்துப் புட்டி,
நான் அறிந்த எல்லாமே இடஞ்சுழியாய்த்தான் கழலும்.
இடஞ்சுழியாய்த் திருகினேன்.
எண்ணெய் விட்டேன். வெந்நீர் ஊற்றினேன்.
ஸ்பானரின் வாலில் சுத்தியலால் போட்டேன்.

பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு லாம்பெர்த்தோ.
விடியற்காலை நாலுக்கு அவனுக்குப் பேரிக்காய்க் கிடங்கில் வேலை.
"நீவெஸ், உனக்கென்ன மரை கழன்றுவிட்டதா?"
"கழலத்தான் மாட்டேன் என்கிறது" என்றேன்.

அவனுக்கும் ஒன்றும் தெரியாது.
பைஜாமாவோடு உட்கார்ந்து
சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.
நான் ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன்.
இரண்டு பேரும் இரண்டு மணிநேரம்
கழற்றுவதாய் நினைத்து
இறுக்கிக்கொண்டிருந்தோம்.

அசதியில் கைமாறிப் பிடித்தவன்
தவறிப்போய் வலஞ்சுழியாய் அழுத்தினான்.
கிர்ர் என்றது.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
திருடர்கள்போல.

மிதிக்க மிதிக்கக் காலே
பெடலைக் கழற்றிவிடக் கூடாது என்று
இடப்பக்க மரையை மட்டும்
மாற்றி வெட்டியிருக்கிறார்கள்.
எவரோ, என்றோ, எங்கோ உட்கார்ந்து
என் இடது காலைப் பற்றி
அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்.

எல்லாம் பூட்டி முடிக்கையில் பொழுது வெளுத்தது.
ஒரு வாஷர் மிச்சம்.
எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
மதிலோரச் சாலையில் மூட்டத்துக்குள் மிதித்தேன்.
சுற்றுக்கு ஒரு டக்.
பிரேக் பிடித்தால் வாத்து அலறுகிறது.
ஆனால் நின்றது,
நிற்க வேண்டிய இடத்துக்கு மூன்றடி தள்ளி.

பத்தரைக்கு ஒருவர் மகளைப் பதிய வந்தார்.
பிறந்து மூன்று நாள். பெயர் ஓத்தாவியா.
கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினால்
ஓரத்தில் என் கட்டைவிரல்,
கறுப்பாய், ரேகை ரேகையாய்.
மூன்று தரம் கழுவிய விரல்.

"வேறு தாளில் எழுதித் தருகிறேன்."
அவர் குனிந்து பார்த்தார். "செயினா?"
"பெடல். இடது."
"ஓ" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.
பிறகு தன் கையை மேசைமேல் விரித்தார்.
ஐந்து நகக்கண்ணிலும் கறுப்புப் பிறை.
"என்னுடையது ஏழு வருஷமாய் டக் என்கிறது.
எங்கேயென்று கண்டுபிடிக்க முடியவில்லை."

தாளை மாற்றவில்லை.
விரல் பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே
ஊதா முத்திரையைக் குத்தினேன்.