இரவுத் தங்கல்

இருபத்து மூன்றாம் இருக்கைக்கு அடியில்
கிடந்தது கத்தி.
மடக்கினால் சீப்பு மாதிரி.
விரித்தால் பின்வாங்கி நின்றேன்.
டெப்போ அலமாரியில் ஆறு மாதம்
ஒரு குடையோடும் ஒற்றைக் கம்மலோடும் இருந்தது.
யாரும் தேடி வரவில்லை.
"நீயே வச்சுக்கய்யா" என்றார் டைம்கீப்பர்,
"கேட்டு வந்தா கழுத்தோட குடு."

கடைசி வண்டி ஏற்காடு ஏற ஒன்பதே முக்கால்.
இறங்கும் முதல் நடை ஐந்தரைக்கு.
நடுவில் ஓர் அறை, இரண்டு பாய்,
கழித்துக் கட்டிய பேருந்தின் பக்கக் கண்ணாடி.
அதில் என் முகம்
எனக்குப் பின்னால் வரும் லாரி.

சன்னல் கம்பியில் தோல்பையின் வாரை மாட்டித்
தொங்கவிட்டுத் தீட்டுகிறேன்.
பை கனத்தால்தான் வார் விறைக்கும்.
பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆண்களுக்குக் கைப்பேசி,
பையில் இப்போது காற்றுதான்.
உள்ளே போட வீல் ஸ்பேனரைக் கொடுத்தான்
இருசப்பன், ஓட்டுநர்.
ட்ரிம்மர் வைத்திருப்பவன்.

முதுகு முன்னே போகணும், கூர் பின்னே வரணும்.
கோடியில் முதுகின்மேல் புரட்டணும்.
மூன்றாம் நாள் கூரின்மேல் புரட்டினேன்.
வாரில் ஒரு வெட்டு.
நின்றபடி டிக்கெட் போடும் ஒவ்வொரு நிறுத்தத்திலும்
தோள்பட்டையில் அது என்னைத் தொடுகிறது.

வெந்நீர் எதிர்க் கடை பாய்லரில்.
முதல் வாரம் வலக்கன்னம் மட்டும்;
மிச்சத்தைப் பழைய பிளேடு முடித்தது.
கத்தியின் முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவே
அந்தப் பழைய தடித்த ஐந்து ரூபாய்
மூன்றை அடுக்கலாம், அவ்வளவு சாய்வு.
சரியாக இருந்தால்
கட்டிலிருந்து டிக்கெட் கிழிபடும் சத்தம் வரும்.
சத்தம் வராவிட்டால்
போவது தோல்.

தாடை எலும்பு வந்ததும் கை நின்றது.
இருபது கொண்டை ஊசி வளைவு,
நாளுக்கு நான்கு முறை, பதினோரு வருஷம்.
ஒன்றைக்கூடத் திருப்பியவன் நானில்லை.
படிக்கட்டில் தொங்கி, பின்சக்கரம் பார்த்து,
வரலாம் வரலாம் என்று
விசில் ஊதியவன்.

கண்ணாடியில் லாரி காத்திருந்தது.
பாயில் படுத்தபடியே இருசப்பன்
"ஓல்டேன்!" என்றான்.
சிரித்துவிட்டேன்.

சிரிக்கக் கூடாது.

படிகாரம் வீட்டில். பஞ்சு எங்கேயோ.
ஐந்தரை வண்டிக்கு
தாடையில் மகளிர் கட்டணமில்லாச் சீட்டு ஒட்டிக்கொண்டு போனேன்.
மிளகு மூட்டையோடு ஏறிய அம்மா
என்னை ஒருமுறை பார்த்தாள்,
தன் சீட்டை ஒருமுறை பார்த்தாள்.
"எது வரைக்கும் போவுது உங்களது?"

அடிவாரம் வரை அந்தப் பேருந்தில்
யாரும் தூங்கவில்லை.

சேலத்தில் ஈரத்தோடு வைத்தாலும்
வெயில் மன்னித்துவிடும்.
இங்கே ராத்திரியில் மேகம் கதவைத் தள்ளி
மூன்றாவது பாயில் படுக்கிறது.
ஒரு செவ்வாய்க்கிழமை
துடைக்க மறந்து மடக்கினேன்.
வியாழக்கிழமை திறந்தால்
கூருக்கு ஒரு நகக்கண் தள்ளி
ஆரஞ்சுப் புள்ளி, கடுகு அளவு.
தேய்த்தேன். நிறம் போனது.
குழி இருக்கிறது.

அதன்பிறகு துணியால் ஒருமுறை,
உள்ளங்கையால் ஒருமுறை,
பிறகு எண்ணெய்.
தேங்காய் எண்ணெய் மார்கழியில்
புட்டிக்குள் கல்லாகிவிடும் ஊர் இது.
அம்மாபேட்டையில் செங்கொடியின்
தையல் மிஷினிலிருந்து நாலு சொட்டு கடன்.
"வெட்டறதுக்கும் இதான், தைக்கறதுக்கும் இதானா"
என்று கேட்டுவிட்டு
ஊசியில் நூல் கோத்தாள்.
ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு,
விட்டுப்போன நான்கு முடியை
காதுக்குக் கீழே
அவள் விரல்தான் கண்டுபிடித்தது.

இப்போது இடத் தாடையும் வருகிறது,
பத்துக்கு ஏழு நாள்.
மேலுதடு இன்னும் பிளேடுக்குத்தான்.

இருபத்து மூன்றில் யார் உட்கார்ந்தாலும்
முதலில் தாடையைப் பார்க்கிறேன்.
வழவழப்பாக இருந்தால்
சில்லறை கொடுக்கும்போது கை தடுமாறுகிறது.
கேட்டால் கொடுத்துவிடலாம்.
வார் என்னுடையது, எண்ணெய் என்னுடையது,
கத்தி அவருடையதுதான்.

அந்தக் குழியை
யாருடையது என்று சொல்வது?