ஒரே காயில்

மோட்டார் காயில் கட்டுவது என் பிழைப்பு,
பெருந்துறை, குன்னத்தூர் ரோட்டில்.
கருகினதை எடைக்குத்தான் போடுவேன்.
லோகு ஒன்று கேட்டான், கொடுத்தேன்.
எதுக்கென்று கேட்கவில்லை.

சனிக்கிழமை சென்னியப்பன் வந்தார்.
முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்;
இன்னும் நோட்டை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் வைத்துத்தான் எண்ணுவார்.
"ஏனுங் அம்மிணி, ஒம்பதாயிரத்து நானூறு
காயிலுக்குங்களா, கூலியும் சேர்த்துங்களா?
கருகினதைக் கண்ணால பாத்தனுங்க.
மோந்துகூடப் பாத்தேன்.
பேங்குக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள
மோட்டாரைத் தூக்கி, கட்டி, எறக்கிட்டான்.
கெட்டிக்காரப் பையன்."

அவர் மோட்டார் என் கடைக்கு வரவேயில்லை.
போய்ப் பார்த்தேன்.
போர்வாயில் கயிற்று முடிச்சு அவிழாமல்
பல்லி முட்டையோடு இருந்தது.
ஸ்டார்ட்டர் பெட்டியில் மட்டும்
புதுக் கெப்பாசிட்டர். நூற்றெண்பது ரூபாய்.

"கருகின காயில் எங்கீங்க?"
"எடைக்குப் போட்டுக்கறேன்னு கொண்டுபோயிட்டான்."

அடுத்த வீதியில் மாராத்தாள் வீட்டிலும் கருகியிருக்கிறது.
"செவப்பு நூலு சுத்தியிருந்துச்சு கண்ணு."
சிவப்பு நூல் சுற்றுவது நான்.
இன்னும் எத்தனை வீடு என்று விசாரிக்கப் பயந்து
திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கருகின எதையும்
நாலாக வெட்டித்தான் கூடையில் போடுகிறேன்.
அது எனக்காக.

சென்னியப்பனிடம் சொன்னபோது
வெறும் சட்டைப்பையைத் தடவினார்.
"சீட்டு கிழிக்காம காசு வாங்குனா
எங்க டிப்போவுல சஸ்பெண்டுங்க.
வாங்க, அவனூட்டுக்குப் போலாம்.
காயிலை நீங்க கேளுங்க,
சீட்டை நான் கேக்கறேன்."

பாதி ஷட்டரை இறக்கிவிட்டு
செருப்பைத் தேடினேன்.